பட்டறிவு என்னும் சொல்

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நம்மவர் காதில் நாள்தோறும் விழும் சொற்களுள் ஒன்று 'அனுபவ்' என்பது. தில்லியிலும் போபாலிலும் அதனை 'அனுபவ்' என்பர். பெங்களூரில் அது 'அனுபவ' என வழங்கும். ஐதராபாத்திலோ 'அனுபவம்' என்று நம் வீட்டுச் சொல்லைப் போலவே ஒலிக்கும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், மருத்துவரைப் பற்றி விசாரிக்கும்போதும், சமையற்காரரை அமர்த்தும்போதும் இச்சொல் வந்து நிற்கும். பள்ளியில் இந்தி பயிலும் சிறுவன் ஒருவன், "இதற்குத் தமிழில் என்ன சொல்?" என்று வீட்டில் கேட்டால், "அனுபவம்தான்" என்று விடை கூறிவிடலாம். அதில் பிழையில்லை. வடமொழியிலிருந்து வந்து பல நூற்றாண்டுகள் வழங்கித் தமிழோடு தமிழாய்க் கலந்துவிட்ட சொல் அது.

ஆயினும் நம்மிடம் மற்றொரு சொல்லும் உண்டு. அதுவே பட்டறிவு. இரண்டும் ஒரே பொருளைத் தருவன என்றே பலர் எண்ணுகின்றனர். தனித்தமிழில் எழுத விரும்பிய அறிஞர்களும், மறைமலையடிகள் 1916-ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்தின் வழி வந்தவர்களும், அனுபவம் என்று எழுத வேண்டிய இடங்களிலெல்லாம் பட்டறிவு என்று எழுதிப் பழக்கினர். அதனால் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்ற எண்ணம் வலுத்துவிட்டது. சொல்லைப் பிரித்து நோக்கினால், அது அவ்வளவு எளிய கணக்கு அன்று என்பது விளங்கும்.

பட்டு, அறிவு என்னும் இரண்டும் சேர்ந்தது பட்டறிவு. இங்கே பட்டு என்பது காஞ்சிபுரத்துப் பட்டு அன்று. பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமும் அன்று. மரம் என்பதும் அடி என்பதும் சேர்ந்து 'மரவடி' ஆவது போல, பட்டத்தோடு அறிவு சேருமாயின் 'பட்டவறிவு' என்றுதான் ஆகவேண்டும். (பட்டம் பெற்றோர் இதற்காக வருந்த வேண்டியதில்லை, இலக்கணத்துக்கு ஒருவர்மீதும் பகையில்லை.) 'படு' என்னும் வினையிலிருந்து பிறந்த எச்சமே இப் 'பட்டு'. அதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட, அறிவின் அகரம் ஏறிப் பட்டறிவு ஆயிற்று. பட்டு அறிந்த அறிவு என்பதே இதன் நேர்ப்பொருள்.

இதே அமைப்பில் வேறு சொற்களும் நம்மிடம் உள்ளன. கண்டறிதல், கேட்டறிதல், ஆய்ந்தறிதல் என்பவற்றை எண்ணிப் பாருங்கள். காண்பவன் கண்ணைச் செலுத்துகிறான். கேட்பவன் செவியைச் சாய்க்கிறான். ஆய்பவன் கருத்தை ஊன்றுகிறான். இவற்றிலெல்லாம் அறிபவனே வினை செய்பவன். பட்டறிதலில் மட்டும் நிலை மாறுகிறது. இங்கே ஒன்று நம்மேல் வந்து படுகிறது. அதன் பிறகே நாம் அறிகிறோம்.

'படு' என்பது தமிழில் மிகப் பழைய சொல். மிகப் பெரிய குடும்பம் உடையதும் கூட. அதன் பொருள்களுள் நமக்கு வேண்டியது தொடுதல் என்பது. காற்றுப் பட்டது, வெயில் பட்டது, கை பட்டது என்கிறோம். கண்ணில் பட்டது, மனத்தில் பட்டது என்பவையும் இதன் விரிவே. வலையில் மீன் படும். பறை படும் என்றால் பறை ஒலிக்கும் என்பது பழைய வழக்கு. எதிர்பாராமல் வந்து மோதுவதும், அதனால் ஒரு விளைவு நேர்வதும் இவையனைத்துக்கும் பொதுவாக உள்ளன.

மோதுவது வலியதாயின் என்ன ஆகும்? செங்கம் பகுதியில் கிடைத்துள்ள பழைய நடுகற்கள் அதைக் காட்டுகின்றன. பல்லவர் காலத்தைச் சேர்ந்த அக்கற்கள் பலவற்றில் வீரனுடைய உருவமும் வட்டெழுத்தில் சில வரிகளும் உண்டு. ஊர் ஆநிரைகளை மீட்கப் போரிட்டவன் 'பட்டான்' என்று அவ்வரிகள் கூறும். இறந்தான் என்று கூறவில்லை, பட்டான் என்றே கூறுகின்றன. அம்போ வாளோ அவன்மேல் பட்டது, அவன் பட்டான். பட்டுப்போன மரம் என்று இன்றும் நாம் சொல்லும்போது, கல்லில் பொறித்த அந்தப் பழைய பொருளே நம் நாவில் உயிரோடிருக்கிறது.

இவ்வளவு கடுமையான சொல், மென்மையான இடங்களிலும் வந்து நிற்கும். ஆசைப்பட்டான், வெட்கப்பட்டான், பெருமைப்பட்டான், கவலைப்பட்டான் என்கிறோம். மனத்தில் எழும் உணர்ச்சிகளையும், வெளியிலிருந்து வந்து நம்மைத் தீண்டுவனவாகவே தமிழ் கருதியிருக்கிறது போலும். ஆதலின் படுதல் என்பது துன்பம் ஒன்றையே குறிக்கும் என்று கொள்ளுதல் பொருந்தாது. மகிழ்ச்சியும் ஒருவர்மேல் படும். ஆனால், மகிழ்ச்சியில் மனிதர் பாடம் கற்றுக்கொள்வது குறைவு. பட்டறிவு என்றதும் துன்பம் நினைவுக்கு வருவதன் காரணம் இதுவாகலாம்.

படு என்பதன் முதலெழுத்து நீண்டால் 'பாடு' ஆகும். சுடு என்பது சூடு ஆவதும், கெடு என்பது கேடு ஆவதும் இம்முறையில்தான். பாடு என்றால் உழைப்பு, பாடுபடுபவன் பாட்டாளி. இன்னும் ஒன்று. செய்யப்பட்டது, எழுதப்பட்டது என வரும் வினைகளை இலக்கணம் 'செயப்பாட்டு வினை' என்று வழங்கும். அப்பெயருக்குள்ளும் இந்தப் பாடு இருக்கிறது. எழுவாய் தான் செய்யாமல், பிறர் செய்ததைத் தாங்கி நிற்கும் நிலை அது. பட்டறிவை அறிவுகளுள் செயப்பாட்டு வினை என்று கூறினால் மிகையாகாது.

அறிவு தொடுதலில் தொடங்குகிறது என்னும் கருத்து நம் பழைய நூலிலும் உண்டு. தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் முதற்படியாக வைக்கப்பெற்றது உற்றறிதல், அதாவது உடம்பால் உணர்தல். புல்லுக்கும் மரத்துக்கும் உரியது அது. சுவையும் நாற்றமும் காட்சியும் கேள்வியும் அதன் மேலே வருவன.

நீங்கள் வாழும் ஊர் தென்னாட்டில் இருக்குமாயின், இச்சொல்லின் உறவினர்களை அங்கேயே சந்திக்கலாம். நாம் 'கஷ்டப்பட்டு' என்பதைக் கன்னடத்தார் 'கஷ்டபட்டு' என்பர். ஒரு மெய்யெழுத்தே வேறுபாடு. தெலுங்கர் 'கஷ்டபடி' என்பர்; மலையாளிகள் 'கஷ்டப்பெட்டு' என்பர். நம் பாடு, தெலுங்கில் 'பாட்லு' எனப் பன்மையில் வந்து தொல்லைகளைக் குறிக்கும்; கன்னடத்தில் 'பாடு' என்றே நின்று ஒருவருடைய நிலைமையைக் குறிக்கும்; மலையாளத்தில் 'பாடுபெடுக' என்றால் அரும்பாடுபடுதல். அயலார் மொழி என்று நாம் அஞ்சும் மொழியில், நம் பாட்டியின் சொல் வேறு உடையில் உலவுகிறது.

இனி அனுபவத்துக்கு வருவோம். 'அனு' என்பது பின்தொடர்தலைக் குறிக்கும் முன்னொட்டு. 'பவ' என்பது இருத்தல், ஆதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. நிகழ்வதோடு ஒன்றி உடன் செல்லுதல் என்று இதற்குப் பொருள் உரைக்கலாம். வடமொழித் தருக்க நூலார் அறிவை நினைவு என்றும் அனுபவம் என்றும் இரண்டாகப் பகுப்பர். முன் அறிந்ததை மீண்டும் எண்ணுவது நினைவு. மற்ற அறிவெல்லாம் அனுபவம். அவர்கள் கருத்தில் ஒரு குடத்தை நேரே காண்பதும் அனுபவமே. அங்கே வலிக்கு வேலையில்லை.

கன்னட நாட்டில் இச்சொல் வேறோர் உயரத்துக்குச் சென்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் கல்யாண நகரில் அமைத்ததாக மரபு கூறும் சபைக்கு 'அனுபவ மண்டபம்' என்பது பெயர். பல தொழில் செய்வோரும், ஆடவரும் மகளிரும், அல்லமப் பிரபுவின் தலைமையில் அங்கே கூடித் தம் உள்ளத்தில் உணர்ந்ததை உரையாடினர் என்பர். இன்று பசவகல்யாண் எனப்படும் அவ்வூர் கர்நாடகத்தின் வடகோடியில் உள்ளது. அங்கே அனுபவம் என்பது இறையுணர்வு.

நம் தமிழ்நாட்டிலோ அச்சொல் பத்திர எழுத்தரிடம் அகப்பட்டுக்கொண்டது. நிலத்தை விற்கும் பத்திரத்தில், வாங்கியவர் அதனை 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள' வேண்டும் என்று எழுதுவர். அனுபவ பாத்தியம் என்று ஓர் உரிமையும் உண்டு. சொத்தை அனுபவிக்கிறான் என்றால் இன்பம். செய்த வினையை அனுபவிக்கிறான் என்றால் துன்பம். இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. பட்டறிவு அவ்வாறன்று. நிலத்தை ஒருவரும் பட்டறிந்துகொள்வதில்லை!

வடக்கே செல்லச் செல்ல வேறு பார்வைகளையும் காண்கிறோம். உருதுவும் இந்துஸ்தானியும் வழங்கும் இடங்களில் 'தஜுர்பா' என்பர். சோதித்துப் பார்த்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழி வந்தது அது. ஆதலால் உருதுவில் அறிவியற் சோதனையையும் அச்சொல்லே குறிக்கும். கொல்கத்தாவில் குடியேறிய தமிழர் இங்கே சற்று எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். வங்காளியில் 'அனுபவ' என்பது உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சியையே குறிக்கும். தொழிலில் பெற்ற தேர்ச்சியைச் சொல்ல அவர்கள் 'அபிஜ்ஞதா' என்னும் சொல்லை, நன்கு அறிந்திருத்தல் என்று பொருள்படும் வடசொல்லை, தம் ஒலிப்பில் வழங்குவர்.

ஆக, அரபு வழி வந்த சொல் சோதித்துப் பார்ப்பவனைக் காட்டுகிறது. வங்காளியர் சொல் நன்கறிந்தவனைக் காட்டுகிறது. அனுபவம் நிகழ்வோடு உடன் செல்பவனைக் காட்டுகிறது. பட்டறிவோ அடி தாங்கியவனைக் காட்டுகிறது. அறிவு கிடைத்தது என்பதோடு, அதற்குக் கொடுத்த விலையையும் தன்னுள் எழுதி வைத்திருக்கும் சொல் இது ஒன்றே.

இந்த வேற்றுமை தெரிந்தபின், சில இடங்களில் இச்சொல்லை ஆளும்போது தயக்கம் தோன்றும். 'ஐந்தாண்டுப் பட்டறிவு உடையவர் தேவை' என்று விளம்பரம் காண்கிறோம். ஐந்தாண்டு ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தமைக்குப் பட்டறிவு என்று பெயரிடலாமா? அனுபவம் என்றோ, பணிக்காலம் என்றோ, பயிற்சி என்றோ எழுதினால் போதும். ஒன்றும் மேலே படாமலே முப்பதாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றோர் உண்டு. ஒரே வெள்ளத்தில் பட்டறிந்த உழவரும் உண்டு. பயிற்சியால் வந்ததைக் குறிக்க நம்மிடம் வேறு நல்ல சொற்கள் இருக்கின்றன. கைதேர்ந்தவர், கைவந்த கலை, கைப்பக்குவம் என்பவை கையின் பழக்கத்தைச் சொல்வன. 'கைகண்ட மருந்து' என்பது எவ்வளவு அழகிய தொடர்! கண் காணும் என்பதே உலக வழக்கு. இங்கே கை காண்கிறது. பலமுறை கொடுத்துப் பலன் கண்ட வைத்தியருடைய கை அது.

பட்டறிவைப் பெரிதும் போற்றுவோர், அதன் குறை ஒன்றை மறந்துவிடுகின்றனர். பாலால் நாக்கைச் சுட்டுக்கொண்டவன் மோரையும் ஊதி ஊதிக் குடிப்பான் என்று இந்தி பேசுவோரிடையே ஒரு பழமொழி உண்டு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று நாமும் கூறுகிறோம். அடுப்பு குளிர்ந்திருப்பினும் பூனை அண்டாது. பட்டதன் அச்சம் நிற்கிறது. எதனால் பட்டோம் என்னும் தெளிவு வரவில்லை. பட்ட அளவில் நின்றுவிட்டால் அது வெறும் தழும்பு. சொல்லின் பிற்பாதியில் அறிவு என்பது இருப்பதை நாம் மறத்தலாகாது.

மற்றொரு தவறு இதைவிடக் கொடியது. இளைஞர் ஒருவர் தடுமாறும்போது, "பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்" என்று மூத்தோர் ஒதுங்கி நிற்பதுண்டு. சிறு பிழைகளில் அது பொருந்தலாம். ஆனால் வெளியூரில் முதன்முதல் வந்து இறங்கியவர்கள், மொழி தெரியாமையால் கூலியில் ஏமாந்தும், அறை கிடைக்காமல் அலைந்தும், எந்தத் தாளில் கையொப்பம் இடுகிறோம் என்று அறியாமல் இட்டும் கற்றுக்கொண்டவற்றை, அடுத்து வருபவரும் அதே வழியில் கற்க வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்? திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களுக்குப் பின் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். நூல் கல்லாதவனும் கேட்டறிதல் வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். அமைச்சனைப் பற்றிப் பேசும்போதோ, நூல்முறை அறிந்திருந்தாலும் உலக இயல்பை அறிந்தே செயல்பட வேண்டும் என்றார். ஒருவர் பட்டறிந்தது மற்றவருக்குக் கேட்டறிவாக மாற வேண்டும். ஊர்தோறும் தமிழ்ச்சங்கங்கள் தோன்றியதன் பயன்களுள் இதுவும் ஒன்று. 1946-இல் தில்லியிலும், 1950-இல் பெங்களூரிலும் அவை தொடங்கப்பெற்றபோது, இலக்கியம் பேசக் கூடியவர்கள் வீடும் வேலையும் பற்றியும் பேசியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

பட்டறிவின் பெருமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் இடம் ஒன்று தமிழர் குடியேற்ற வரலாற்றில் உண்டு. அது கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அங்கே சென்று குடியேறின. உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகச் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை தொட்டால் சுடும்.

சுரங்கத் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம் ஒன்று, வேலை தொடங்குமுன் தலைக்கு மேலுள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாக உள்ளது. பறையைத் தட்டியது போல் உள்ளீடற்ற ஒலி எழுந்தால் அது பிளவுபட்டுத் தொங்குகிறது, விழக்கூடும். இதை எழுதிக் காட்டுவது எளிது. எந்த ஒலி எத்தகையது என்று அறிவதோ, இருட்டில் பலநாள் நின்ற செவிக்கே உரியது. முன்னே ஒருவர்மேல் பாறை விழுந்திருக்கும். அவர் பக்கத்தில் நின்றவர் அந்த ஒலியை மறந்திருக்கமாட்டார். அவர் தம் மகனுக்குச் சொல்லியிருப்பார்.

ஆனால் அதே சுரங்கத்தில் வேறொன்றும் தொழிலாளர்மேல் பட்டுக்கொண்டிருந்தது. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிகாத் தூசி அது. அது மூச்சோடு சென்று நுரையீரலில் படிந்து, பல ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும். படும்போது வலியில்லை, ஒலியில்லை. அறியும் நாளில் மருந்தும் இல்லை. அந்நோய் தங்கவயலில் பரவியிருந்ததை 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வு வெளிப்படுத்தியது. துளையிடும்போது நீர் பாய்ச்சித் தூசியை அடக்குதல் முதலான முறைகள் எந்தத் தொழிலாளியும் பட்டறிந்து கண்டவை அல்ல. பலருடைய உடம்பையும் ஒருங்கே ஆய்ந்து கண்டறிந்தவை. அவ்வாறே, அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துகளை முன்னறிய முயன்றபோது, செவியோடு கருவிகளும் தேவைப்பட்டன. நிலத்தின் நுண்ணிய அதிர்வுகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே அமைக்கப்பெற்றது. அங்கே பெற்ற அறிவு, நாட்டின் பிற பகுதிகளில் அணையும் குகைப்பாதையும் அமைப்போருக்குப் பயன்படுகிறது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவ்வூரார் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவது வழக்கமாயிற்று. கட்டடங்களிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் அவர்கள் பணி செய்கின்றனர். அங்கே அவர்களிடம் கேட்கப்படும் 'அனுபவ' வேறு. கம்பியால் தட்டினால் பாறை என்ன சொல்லும் என்பதை எந்த விண்ணப்பத் தாளும் கேட்பதில்லை. அதைக் கேட்டறிய விரும்புவோருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் தங்கவயலின் தமிழ்த் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர்.